வெளிப்பக்கம் பிளந்த பலகை

வண்டிப் பட்டறைகளில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அடிபட்ட கார்களைப் பார்வையிட்டு, உரிமையாளர் சொல்லும் கதையும் தகரத்தில் விழுந்திருக்கும் நசுங்கலும் ஒத்துப்போகின்றனவா என்று காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்வது அவள் வேலை. "மாடு குறுக்க வந்துடுச்சு மேடம்" என்பார் ஒருவர். அவள் குனிந்து, பம்பரில் ஒட்டியிருக்கும் மஞ்சள் பெயின்டை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, மாடு மஞ்சளாகவா இருந்தது என்று கேட்பாள். அவள் தலை தெரிந்தாலே பட்டறைக்காரர்கள் டீ சொல்லிவிட்டுப் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள்.

வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் ஓய்வதில்லை. மகன் தாமதமாக வந்தால் அவன் செருப்பில் எந்தத் தெருச் சேறு ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பாள். கணவர் பழகிப்போய், கேட்பதற்கு முன்பே ஆதாரத்தோடு பேசக் கற்றுக்கொண்டிருந்தார்.

அப்பாவின் தோணியைச் சரிசெய்யப் போகிறேன் என்று தம்பி போனில் சொன்னபோது, இவனுக்கு இப்போது எதற்கு இது என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அப்பா போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆற்றங்கரை வீட்டில் அம்மாவும் தம்பியும் மட்டும் இருந்தார்கள். கொட்டகையைக் காலி செய்கிறான் என்றால் வீட்டை விற்கிற எண்ணமா? அவனுக்கு எதையும் முடித்துப் பழக்கமும் கிடையாது. கிட்டார் வாங்கினான், தேனீ வளர்த்தான், வீட்டிலேயே சோப்புக் காய்ச்சினான். அவன் முழுதாக முடித்தது சாப்பாட்டுத் தட்டை மட்டும்தான் என்று மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரிப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிப் போனாள்.

அவளுடைய சிறு வயதிலிருந்தே கொட்டகை உத்தரத்தில் கவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்த தோணி, இப்போது இரண்டு மர முக்காலிகளின் மேல் நிமிர்ந்து கிடந்தது. அப்பாவின் அப்பா தன் கையால் செய்தது. மூன்று பேர் உட்காரலாம், கொஞ்சம் நெருக்கினால் நான்கு பேர். தம்பி மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பழைய பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பச்சைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே சிவப்பு, அதற்கும் கீழே தேன் நிற மரம். சிகரெட்டை விட்டுவிட்டேன், கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது, அதனால்தான் இது என்றான். அவள் பேச்சுவாக்கில் அருகில் போய் அவன் சட்டையை முகர்ந்து பார்த்தாள். மரத்தூள் வாசனைதான் வந்தது. சரி, இதுவரைக்கும் பொய் இல்லை.

"அம்மா ஒத்துக்கிட்டாங்களா?"

"முதல்ல வேண்டவே வேண்டாம்னாங்க. அப்புறம் சரின்னாங்க. ஒரே ஒரு கண்டிஷன். அந்தத் தகரத்த மட்டும் எடுக்கக் கூடாதாம். அது மேலயே பெயின்ட் அடிச்சிடுன்னு சொன்னாங்க."

தோணியின் அடிப்பலகையில், பின்பக்கமாக, ஒரு தகரம் ஆணியடித்துத் தாரால் பூசப்பட்டிருந்தது. உள்ளேயும் ஒரு தகரம், வெளியேயும் ஒரு தகரம். துருப்பிடித்து ஓரங்கள் அப்பளம்போல உதிர்ந்தன. அதை வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினால் குளித்துவிட்டுத்தான் வரவேண்டும். அது அம்மாவுக்கும் தெரியாமல் இருக்காது. அவள் திரும்பிப் பார்த்தாள். சமையலறை ஜன்னலில் நின்றிருந்த அம்மா சட்டென்று உள்ளே நகர்ந்துகொண்டாள்.

அந்தத் தகரத்தின் கதை வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு ஆறு வயதில் வந்த வெள்ளம். தம்பி அப்போது அம்மா வயிற்றில். ஆறு தெருவுக்குள் புகுந்துவிட, அப்பாவும் மாமாவும் காலையிலிருந்து அந்தத் தோணியில் ஆட்களை ஏற்றி ஏற்றிப் பள்ளிக்கூட மாடியில் கொண்டுபோய் விட்டார்கள். சாயங்காலம், எதிர்க்கரை மரமில்லின் கூரையில் காவல்காரர் ஒருவர்தான் மிச்சம். அவரைக் கூட்டிவரப் போகும்போது தண்ணீருக்கடியில் இருந்த வேலிக்கம்பி தோணியின் அடியைக் கிழித்துவிட்டது. எப்படியோ கரை சேர்ந்தார்கள். இருட்டுவதற்குள் மில் கூரையும் காவல்காரரும் ஆற்றோடு போய்விட்டார்கள். மற்றவர்களைக் காப்பாற்றியதற்காக ஊரே அப்பாவைக் கொண்டாடியது. அவர் மட்டும் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார். அடக்கமான மனுஷன் என்றார்கள்.

அடுத்த வாரம் தம்பி அம்மாவுக்குத் தெரியாமல் தகரத்தைப் பெயர்த்துவிட்டான். போட்டோ அனுப்பினான். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை. ஆனால் அவள் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தபோது ஓட்டை இல்லை. அந்த இடத்தில் வெள்ளை மக்கு அப்பியிருந்தது. சுவரில் ஆணி ஓட்டையை அடைப்பதற்குக் கடையில் டப்பாவில் விற்பார்களே, அந்த மக்கு. விரலால் வழித்துவிட்ட தடம் அப்படியே தெரிந்தது.

"ஏண்டா, இதையா வச்சு அடைச்சே? தண்ணில கரைஞ்சு போகுமே."

தம்பி விழித்தான். தான் அடைக்கவில்லை என்றான். அவள்தான் யாரையாவது அனுப்பியிருப்பாள் என்று நினைத்தானாம். நடுவில் யார் வந்தது என்று கேட்டாள். மாமா வந்திருந்தார், அவரிடமும் கொட்டகைச் சாவி ஒன்று உண்டு என்றான்.

அவள் ஸ்க்ரூ டிரைவரால் மக்கைக் கிளறி எடுத்தாள். கைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்து மண்டியிட்டுத் தோணிக்கு அடியில் புகுந்தாள். பிறகு எழுந்து உள்ளே குனிந்து பார்த்தாள். மறுபடியும் அடியில் புகுந்தாள். தம்பி சுரண்டுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான்.

வெளியிலிருந்து ஒரு கம்பி குத்தியிருந்தால் மரம் உள்பக்கமாகப் பிளந்திருக்க வேண்டும். சிலாம்புகள் உள்ளே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இங்கே எல்லாம் தலைகீழ். உள்பக்கம் விளிம்புகள் கத்தியால் சீவியதுபோல இருந்தன. வெளிப்பக்கம்தான் மரம் பிய்ந்து நார்நாராகத் தொங்கியது. ஓட்டையைச் சுற்றி உள்பக்கத்தில் ஆப்பு வடிவத்தில் வெட்டுத் தடங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. கோடரித் தடங்கள். யாரோ தோணிக்குள் நின்றுகொண்டு ஓங்கி ஓங்கி வெட்டியிருக்கிறார்கள்.

"வேலிக்கம்பி இல்லடா" என்றாள்.

அன்று மாலை மாமா வந்தார். வழக்கம்போலத் தம்பியைக் கிண்டல் செய்துகொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் அவருக்கு டீயைக் கொடுத்துவிட்டு, அந்த வெள்ளத்துக் கதையை மறுபடியும் சொல்லச் சொன்னாள். குரலை மிகவும் சாதாரணமாக வைத்துக்கொண்டாள். பட்டறையில் அவள் அப்படிப் பேசினால் உடனிருப்பவர்கள் உஷாராகிவிடுவார்கள்.

"அதான் தெரியுமே அம்மாடி. தண்ணிக்குள்ள வேலிக்கம்பி. கர்ருன்னு ஒரு சத்தம். அத்தான் கீழ குனிஞ்சு பாத்தார். திரும்புடான்னார். அவ்வளவுதான்."

 அப்பா எழுந்து போவதற்கு முன் சொன்ன ஓரிரு தடவையும் இதே நான்கு வாக்கியம்தான். அம்மா சொல்லும்போதும் இதேதான். நிஜமாக நடந்ததைச் சொல்பவர்கள் ஒரு தடவை சத்தத்திலிருந்து தொடங்குவார்கள், ஒரு தடவை பயத்திலிருந்து தொடங்குவார்கள். நடுவில் ஒன்றை மறந்து திரும்பிப் போவார்கள். பிசகாமல் ஒரே மாதிரி ஒப்பிப்பது, உட்கார்ந்து பேசி முடிவு செய்ததைத்தான்.

தோணியில் அவர் முன்பக்கம் இருந்தாரா பின்பக்கமா, தண்ணீர் முதலில் யார் காலடியில் வந்தது, திரும்பி வரும்போது எதை வைத்து அடைத்தார்கள் என்று வரிசையாகக் கேட்டாள். மாமா முன்பக்கம் என்றார், இல்லை பின்பக்கம் என்றார், அதெல்லாம் எந்தக் காலம் என்றார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு, வீட்டில் யாரோ வருவதாகச் சொல்லி எழுந்துவிட்டார். சிரிக்காமல் அவர் அந்த வீட்டிலிருந்து கிளம்பியதை அவள் அதுவரை பார்த்ததில்லை.

மாமாதான் என்று முடிவே கட்டிவிட்டாள். போகப் பயந்துபோய் வெட்டியிருக்கிறார். அப்பா மைத்துனரைக் காட்டிக்கொடுக்காமல் மறைத்திருக்கிறார். இப்போது தகரம் கழன்றதும் ஓடிவந்து மக்கு அப்பியிருக்கிறார். எல்லாம் பொருந்தியது.

சாப்பாட்டு மேஜையில் அம்மா அவள் தட்டில் சோறு போட்டாள். அந்தக் கையின் நகங்களுக்குள் வெள்ளையாக ஏதோ இருந்தது. மாவாக இருக்கும் என்று நினைத்துக்கொள்ள அவள் விரும்பினாள். மாவு கழுவினால் போய்விடும். மக்குதான் நகக்கண்ணில் இப்படி இறுகும்.

அப்படியானால் அடைத்தது அம்மா. அம்மா யாருக்காக மறைப்பாள்? கொட்டகைப் பக்கமே வராதவள், கடைக்குப் போய் டப்பா வாங்கிவந்து இருட்டுக் கொட்டகையில் குனிந்து ஓட்டையை அடைத்திருக்கிறாள் என்றால், தன் தம்பிக்காகவா? இத்தனை வருடம் அப்பா அந்தப் பேச்சு வந்தால் ஏன் எழுந்து போனார்? ஒரு தடவைகூட ஏன் தகரத்தை எடுத்துத் தோணியைச் சரிசெய்ய நினைக்கவில்லை? அவள் கையில் சோறு அப்படியே இருந்தது. வாயை அடக்கியிருக்கலாம். அடக்கவில்லை.

"அப்பாவே வெட்டிட்டார், இல்லையா? மில்லுக்குப் போகப் பயம். போகாம இருக்க ஒரு சாக்கு வேணும். வேலிக்கம்பின்னு ஊருக்குச் சொல்லிட்டு, நீங்க எல்லாம் சேர்ந்து மறைச்சீங்க."

தம்பி, அக்கா என்று பல்லைக் கடித்தான். அம்மா கரண்டியைப் பாத்திரத்துக்குள் வைத்தாள்.

"அவரச் சொல்லாத" என்றாள். "நான்தான் வெட்டினேன்."

 பிறகு அம்மா சொன்னாள், தட்டைப் பார்த்துக்கொண்டே. அன்று அப்பா காலையிலிருந்து துடுப்புப் போட்டு, உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து ரத்தமாக இருந்தது. தண்ணீர் குடிக்க வந்து வீட்டுப் படியில் உட்கார்ந்தார். தோணி படிக்கட்டுக் கம்பியில் கட்டியிருந்தது. ஆற்றில் அப்போது மில்லின் மரக்கட்டைகள் உருண்டு உருண்டு வந்துகொண்டிருந்தன. போகாதீங்க என்று அம்மா கெஞ்சினாள். இந்த ஒரு நடைதான், காவல்காரரை விட்டுவிட்டால் எப்படி என்று அவர் சொன்னார். அவர் மாடிக்குப் போய்க் கையில் துணி சுற்றிக்கொண்டு வருவதற்குள், அம்மா விறகு பிளக்கும் கைக்கோடரியை எடுத்துக்கொண்டு தோணிக்குள் இறங்கினாள். நிறைமாத வயிற்றோடு. மாமா ஓடிவந்து கையைப் பிடிப்பதற்குள் தண்ணீர் உள்ளே பீறிட்டுவிட்டது.

அப்பா கத்தவில்லை. கோணிச் சாக்கைத் திணித்துப் பார்த்தார். தன் சட்டையைத் திணித்துப் பார்த்தார். தோணி படிக்கட்டிலேயே அமிழ்ந்தது. எதிர்க்கரைக் கூரை போகும்வரை படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மாமாவையும் அம்மாவையும் மாடிப்படியில் உட்காரவைத்து, வேலிக்கம்பி, கர்ருன்னு ஒரு சத்தம் என்று சொல்லிக்கொடுத்தார்.

"அதுக்கப்புறம் ஒரு வார்த்தை கேக்கல. ஏன் செஞ்சேன்னு ஒரு நாள் கேட்டிருந்தா அழுதாவது தீத்திருப்பேன்."

தம்பி மெதுவாகக் கேட்டான். "நான் வயித்துல இருந்ததாலயா?"

"உனக்காகன்னு சொல்லிக்கலாம். சொல்லிப் பாத்தேன் எனக்கே. அது பொய். எனக்கு அவர் வேணும். அவ்வளவுதான்."

தன் ஊகம் பாதி சரி என்று ஒரு துளி திருப்தி தனக்குள் எழுந்ததுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. வேலையில் என்றால் இத்தோடு முடிந்தது, கார்க்கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிடுவாள். இங்கே எழுந்து போவதற்கு இடம் இல்லை. மாமாவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டாள். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்தேன் அம்மாடி, உன் அப்பா தப்பில்லாமல் சொல்லும்வரை விடவில்லை என்றார்.

இன்னொன்றும் அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. வீட்டில் நல்ல வாஷிங் மெஷின் இருக்கும்போதே அம்மா படுக்கை விரிப்புகளை வாராவாரம் தெருக்கோடிச் சலவைக் கடையில் போடுவாள். வீண் பகட்டு என்று அவள் பலமுறை கடிந்திருக்கிறாள். அந்தக் கடையை நடத்துவது காவல்காரரின் மகள்.

மூடியதை நீ திறந்தாய், இனி நான் போய் அவளிடம் சொல்லிவிடுகிறேன் என்று அம்மா மறுநாள் காலையில் புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். தம்பி வேண்டாம் என்றான். பூதக்கண்ணாடி அன்றைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அம்மாவோடு போனாள்.

கடைக்குள் ஆவியும் கஞ்சி வாசனையும். சலவைக் கடைக்காரி ஒரு வெள்ளைச் சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், முன்தலை நரைத்தவள். அம்மா விரிப்புகளை மேஜையில் வைத்துவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பாதியில் கடைக்காரி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். 

முடிந்ததும் கடைக்காரியின் கண்கள் அம்மாவை விட்டுப் பூதக்கண்ணாடியிடம் வந்தன.

"நீங்கதானே இன்சூரன்ஸ்ல இருக்கிறவங்க? எங்கிட்டேருந்து ஏதாவது கையெழுத்து வேணுமா? இத்தன வருஷம் இல்லாம இப்ப எதுக்கு வந்து சொல்றீங்க?"

தான் ஒருவரைப் பார்க்கும் பார்வை எப்படி இருக்கும் என்று பூதக்கண்ணாடிக்கு அப்போதுதான் தெரிந்தது. பதில் அம்மாதான் சொன்னாள். "ஒண்ணும் வேணாம்மா. இவ கண்டுபிடிச்சுட்டா. இல்லன்னா நான் சொல்லியே இருக்கமாட்டேன்."

"எங்கப்பா கூரையிலேருந்து கை காட்டினாரா? நீங்க பாத்தீங்களா?"

அம்மா பொய் சொல்லிவிடுவாள் என்று பூதக்கண்ணாடி எதிர்பார்த்தாள். சொல்லிவிட வேண்டும் என்றும் நினைத்தாள்.

"பாத்தேன். சட்டையக் கழட்டி ஆட்டினார்."

கடைக்காரி விரிப்புகளை இரண்டு கையாலும் அம்மா பக்கம் தள்ளினாள். "எடுத்துட்டுப் போங்க."

அதற்குப் பிறகு அம்மா தெருக்கோடிப் பக்கம் போகவில்லை. ஆனால் கொட்டகைக்கு வர ஆரம்பித்தாள். தம்பி வெட்டுப்பட்ட பாகத்தைச் சதுரமாக அறுத்தெடுத்து, அதே அளவுக்கு ஒரு புதுத் துண்டை இழைத்துப் பொருத்துவதற்கு வைத்திருந்தான். மற்றப் பலகைகளின் இடுக்குகளில் பஞ்சும் பிசினும் வைத்து உளியால் இறுக்கினான். அவன் கேட்கும்போது அம்மா பலகையைப் பிடித்துக்கொள்வாள், விளக்கைக் காட்டுவாள். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஞாயிறு தவறாமல் வந்த பூதக்கண்ணாடி, உப்புத்தாளால் தேய்க்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள்.

புதுத் துண்டை ஒட்டுவதற்கு இருந்த அன்று சலவைக் கடைக்காரி கொட்டகை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வாருங்கள் என்று யாரும் சொல்வதற்குள் வந்துவிட்டாள். அறுத்து எடுத்த பழைய பலகைத் துண்டைத் தம்பி மேஜையில் வைத்திருந்தான். அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், வெட்டுத் தடத்தில் கட்டைவிரலை வைத்தாள். கதை உண்மையா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறாள். பார்த்து முடித்ததும், இந்தத் தோணி மிதக்குமா என்று தம்பியைக் கேட்டாள். மிதக்கும் என்றான்.

"அப்ப என்னை மில் இருந்த எடத்துக்குக் கூட்டிட்டுப் போகணும். பாலத்து மேலேருந்து பாத்தாச்சு. தண்ணிலேருந்து பாக்கணும்."

கோடையில் ஆறு அடங்கியபிறகு ஒரு காலையில் தோணியை இறக்கினார்கள். தம்பி பின்னால், அக்கா முன்னால், நடுவில் இரண்டு பக்கமும் இறுகப் பிடித்துக்கொண்டு சலவைக் கடைக்காரி. அம்மா படியிலேயே நின்றாள். இடுக்குகளில் கொஞ்சம் கசிந்தது. மரம் ஊறினால் நின்றுவிடும் என்று தம்பி சொன்னான், தனக்கே சொல்லிக்கொள்வது மாதிரி.

மில் இருந்த இடத்தில் இப்போது ஒரு சுவரும் வண்டிகள் நிறுத்தும் மைதானமும்தான். கடைக்காரி அதை அதிகம் பார்க்கவில்லை. திரும்பி எதிர்க்கரையைத்தான் பார்த்தாள். அம்மா நிற்பது, புடவையின் நிறம், படிக்கட்டுக் கம்பி எல்லாமே தெரிந்தன.

"இவ்வளவு கிட்டவா" என்றாள்.

அன்றைக்கு வெள்ளம், கட்டைகள் வேறு வந்தன என்று அக்கா அவசரமாகச் சொன்னாள்.

"தெரியும். நானும் அன்னிக்குப் பள்ளிக்கூட மாடிலதான் இருந்தேன். காலைல உங்கப்பாதான் என்னைத் தூக்கிட்டுப் போய் விட்டார். கடைசி நடையில எங்கப்பாவக் கூட்டிட்டு வந்துடறேன்னு எங்கிட்ட சொல்லிட்டுப் போனார். அதுக்கப்புறம் என்னை எங்க பாத்தாலும் அந்தப் பக்கம் திரும்பிக்குவார். நான் அதத் திமிருன்னு நினைச்சுட்டிருந்தேன்."

தம்பி துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டான். தோணி தானாக நகர்ந்தது. அக்காவால் கேட்காமல் இருக்க முடியவில்லை. அன்றைக்கு இங்கே வந்திருந்தால் அப்பாவும் ஆற்றோடு போயிருப்பார், அப்படித்தானே என்று கேட்டாள்.

"போயிருக்கலாம். ரெண்டு பேரும் வந்தும் இருக்கலாம். அத அவர் போய்ப் பாத்திருக்கணும். உங்கம்மா பாக்க விடல."

தம்பி துடுப்பை மறுபடியும் தண்ணீரில் போட்டான். தோணி திரும்பியது.

படிக்கு வந்ததும் அம்மா கயிற்றைப் பிடித்து இழுத்துக் கட்டினாள். இறங்கும்போது தோணி ஆட, சலவைக் கடைக்காரி கைக்கு எட்டியதைப் பிடித்தாள். அது அம்மாவின் தோள். நிலைகொண்டபிறகு கையை எடுத்துக்கொண்டாள். உடனே போய்விடவில்லை. ஈரப் படியில் நின்றபடி கேட்டாள்.

"சட்டையக் கழட்டினார்னீங்களே. உள்ள என்ன போட்டிருந்தார்?"

அம்மா யோசித்தாள். "ஆட்டினது காக்கி. உடம்புல நீலமா ஏதோ. பனியனா இருக்கும். மழையில சரியாத் தெரியல."

"நீலப் பனியன்தான்" என்றாள் அவள். "எங்கம்மா சாயத்துல போட்டுக் குடுத்தது. இத யாருமே எனக்குச் சொன்னதில்ல."

அம்மா, உட்காரு என்று சொல்வதுபோல் படியைக் காட்டினாள். கடை திறக்க வேண்டும் என்று சொல்லி அவள் மேலே ஏறினாள். பாதியில் நின்று, இன்னொரு நாள் வருகிறேன், அன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து சொல்லுங்கள், ஒன்றும் விடாமல் என்றாள். வருவாளா என்று தெரியவில்லை. அவள் தெரு திரும்பும்வரை அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து, தோணியை மேலே ஏற்ற ஒரு பக்கத்தைப் பிடித்தாள். அக்காவும் தம்பியும் மறுபக்கத்தைத் தூக்கினார்கள்.